மட்டையில் இல்லாத பெயர்

என்னிடம் 11 மர டென்னிஸ் மட்டைகள் இருக்கின்றன. நான் டென்னிஸ் ஆடுபவன் அல்ல. பழைய சாமான் கடைகளிலும் வீடு காலி செய்கிறவர்களிடமும் ஒன்றொன்றாக வாங்கியவை. ஒரு வங்கிக் குமாஸ்தா தன் சம்பளத்தில் இதைச் செய்வது குறித்து நண்பர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஒன்று, இது பழமை மோகம். மற்றது, வெள்ளைக்காரனின் கிளப் வாழ்க்கை மீதான ஏக்கம். கவிதையில் உருவம் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் இதே இரண்டும்தான் சொல்லப்படுகின்றன என்பதால் நான் பதில் சொல்வதில்லை.

மட்டையில் முதலில் கண்ணில் படுவது பெயர். 1947ல் விம்பிள்டன் வென்ற ஜாக் கிரேமரின் கையெழுத்தோடு வில்ஸன் கம்பெனி ஒரு மட்டையைக் கொண்டுவந்தது. அவர் ஆட்டத்தை விட்டுப் பல வருஷங்களுக்குப் பிறகும் அந்தக் கையெழுத்து விற்றுக்கொண்டிருந்தது. 1980 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் மெக்கன்ரோ பிடித்திருந்ததும் கிரேமர் பெயர் போட்டதுதான். எதிரே போர்க்கின் கையில் டொனே. பெல்ஜியத்தில் கூவேன் என்ற சிற்றூரில், கருவிகளுக்கு மரப்பிடி செய்வதில் ஆரம்பித்து, 1930களில் மட்டைக்கு வந்த கம்பெனி அது. கையெழுத்து ஆட்டக்காரனுடையது, முத்திரை கம்பெனியுடையது. மரத்தை வளைத்தவன் பெயர் எந்த மட்டையிலும் இல்லை. சேகரிப்பவர்களின் சந்தையில் விலை ஏறுவதும் கையெழுத்துக்குத்தான்.

வளைப்பது லேசான காரியமில்லை. ஆரம்ப காலத்து மட்டை ஒரே ஆஷ் மரச் சட்டம். ஆவியில் பதப்படுத்தி, சூடு ஆறுமுன் அச்சைச் சுற்றி வளைத்து, காயவிட வேண்டும். மரத்தின் ரேகை ஓடும் திசை தெரியாதவன் கை வைத்தால் பிளந்துவிடும். பிறகு மரத்தை மெல்லிய பட்டைகளாக அறுத்து, பசையிட்டு, அடுக்காகச் சேர்த்து வளைக்கும் முறை வந்தது. 1931ல் வந்த டன்லப் மாக்ஸ்ப்ளையின் பெயரிலேயே இந்த அடுக்கு இருக்கிறது. அப்படியும் ஈரம் பட்டால் சட்டம் கோணும். அதனால் ஆடாத நேரத்தில் நான்கு மூலையிலும் திருகு வைத்த பிரஸ்ஸில் பூட்டி வைத்தார்கள். போர்க் நரம்புகளை 80 பவுண்டு அளவுக்கு இறுக்கிக் கட்டச் சொல்வார். சில மட்டைகள் யாரும் தொடாமலே இரவில் வெடித்தன.

இழுக்கும் நரம்புக்கும் தாங்கும் மரத்துக்கும் உள்ள இந்தத் தகராறில்தான் ஆட்டமே தீர்மானமாயிற்று. மரம் தாங்க வேண்டுமானால் தலை சிறியதாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 70 சதுர அங்குலம். எடை 400 கிராமை ஒட்டி வரும். பந்தை நடுவில் வாங்காவிட்டால் மட்டை கைக்குள் திரும்பிவிடும். ராமநாதன் கிருஷ்ணன் 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதிவரை போனது அடியின் பலத்தால் அல்ல. எதிராளியின் வேகத்தையே வாங்கி, இடம் பார்த்து வைக்கும் நுட்பத்தால். அந்த நுட்பத்தை ஆட்டக்காரனின் மேதைமை என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. மரம் விதித்த எல்லையும் அதில் சேர்த்தி. யாப்பை விலங்கு என்று ஒரு கட்சியும் ஆபரணம் என்று இன்னொரு கட்சியும் பேசிவருகிற நமக்கு, அது மரத்தைப்போல ஒரு பொருள், அதற்கென்று ஒரு தாங்குசக்தி உண்டு என்பது இன்னும் புலப்படவில்லை.

எல்லை பிறகு மாறியது. மாற்றியவர்களில் ஒருவர், 1920களில் மர மட்டையால் விம்பிள்டன் வென்ற ரெனே லகோஸ்த். அவர் வடிவமைத்த உலோக மட்டையை 1967ல் வில்ஸன் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1976ல் ஹோவர்ட் ஹெட்டின் பிரின்ஸ் மட்டை 110 சதுர அங்குலத் தலையோடு வந்தது. 1981ல் மெக்கன்ரோ மாக்ஸ்ப்ளையால் போர்க்கை வென்றதோடு, விம்பிள்டன் ஆண்கள் பட்டம் மரத்தின் கையைவிட்டுப் போயிற்று. 1991ல் போர்க் மான்டி கார்லோவில் மறுபடியும் மர மட்டையோடு வந்து 2-6, 3-6 என்று தோற்றார். இதைச் சோகமாக எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் புலம்பல் இல்லை. பொருள் மாறினால் உருவம் மாறும், உருவம் மாறினால் சொல்லப்படுவதும் மாறும். அவ்வளவுதான்.

என் 11ல் ஒன்று மட்டும் இந்த வரலாற்றுக்குள் அடங்காதது. அதன் கழுத்தில் பாதி அழிந்த எழுத்தில் 'சியால்கோட்' என்றிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளை அதிகாரி ஒருவரின் உடைந்த மட்டையைச் செப்பனிடப் போய்த் தொழிலையே பிடித்துக்கொண்டார்கள் அந்த ஊர்க் கைவினைஞர்கள் என்பது அங்கே வழங்கும் கதை. முசுக்கொட்டை மரம் பக்கத்திலேயே கிடைத்தது. 1947ல் சியால்கோட் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்துக்களும் சீக்கியர்களுமாக இந்தத் தொழிலில் இருந்தவர்கள் எல்லை தாண்டி ஜலந்தரில் பட்டறை போட்டார்கள். முஸ்லிம் கைவினைஞர்கள் அங்கேயே இருந்தார்கள். ஒரே பட்டறையில் பழகிய கைகள் இரண்டு தேசமாயின. இரண்டு ஊர்களும் இன்றும் விளையாட்டுச் சாமான்கள் செய்கின்றன.

என் மட்டையை வளைத்தவன் எந்தப் பக்கம் இருந்தான், கிளம்பியிருந்தால் போய்ச் சேர்ந்தானா என்பதற்கு மரத்தில் தடயம் கிடையாது. ரேகை மட்டும் வளைவோடு வளைவாக, எங்கும் அறுபடாமல் ஓடுகிறது. ஆள் யாரானாலும் கை தெரிந்தவன். நம் இலக்கிய வரலாறுகள் கையெழுத்துகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றன. பெயர் தெரியாத இடத்தில் விமர்சகன் பார்க்க வேண்டியது இந்த ரேகையைத்தான்.

இதற்கு 150 ரூபாய் கொடுத்தேன். கையெழுத்து இல்லாததால் சந்தையில் இதை யாரும் கேட்பதில்லை. என்னிடம் இருப்பது ஒரே ஒரு பிரஸ். அதில் இதைத்தான் பூட்டி வைத்திருக்கிறேன். மற்ற பத்தும் கோணினால் கோணட்டும்.