தோணியில் ஏறாத போத்தல்

மட்டக்களப்பு வாவியில் தோணி இறங்குவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. காரணம், ஒரு போத்தல் தென்னஞ்சாராயம்.

நொச்சிமுனைக்குக் கிட்ட, எழுவான்கரையில் நின்றோம். பொழுது எதிரே படுவான்கரைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. தங்கையின் கணவர் பையைத் திறந்து போத்தலை எடுத்துத் தோணியின் முன்பக்கத்தில் வைத்தார். கூடவே காகிதத்தில் சுற்றிய கடலையும் பொரித்த இறாலும். தோணிக்காரர் ஒன்றும் பேசாமல் போத்தலைத் தூக்கி மணலில் வைத்தார். மச்சான் சிரித்தபடி அதைத் திரும்ப ஏற்றினார். அவர் மறுபடியும் இறக்கினார்.

"என்னண்ணன், காசு தந்துதானே போறம்?"

"காசு தோணிக்கு மனே. அதுக்கு இடமில்ல. அது ஏறினா நான் ஏறன்."

மச்சான் கொழும்பில் வேலை செய்பவர். மாதக்கணக்கில் இந்த இரவைப் பற்றித்தான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். முழுநிலவு, வாவி, பாடும் மீன், இரண்டு மச்சான்மார், ஒரு போத்தல். அதில் ஒன்று குறைந்தாலும் அவருக்கு இரவு முழுமையாகாது. குரல் உயர்ந்தது. "நாங்க என்ன சின்னப் பொடியனுகளா, நிலைமாறி விழ?" என்றார். தோணிக்காரர் குரலை உயர்த்தவே இல்லை. "நானும் குடிக்கிற ஆள்தான். கரையில. தண்ணிக்குள்ள இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, வலையை உதறி மடிக்கத் தொடங்கினார். எங்களோடு வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு அன்றிரவு வேலை இருந்தது.

எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான். நான் தூண்டில் பிடிக்கப் பழகியது கனடாவில். யாழ்ப்பாணத்தில் கடலுக்கு நடந்துபோகும் தூரத்தில் வளர்ந்தும், கையில் தூண்டிலை எடுத்தது ஒன்ராறியோவின் கிராண்ட் ஆற்றில். உடன் வேலை பார்த்த ஒருவர் ஃப்ளை ஃபிஷிங் சொல்லித் தந்தார். இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றிப் பூச்சிபோலக் கட்டி, தடித்த நூலின் பாரத்தால் அதைக் காற்றில் வீசி, தண்ணீரின்மேல் மெல்ல இறக்கும் முறை. வீசக் கற்றுத் தருவதற்கு முன் அவர் ஒழுங்கைக் கற்றுத் தந்தார். இன்னொருவர் நிற்கும் நீருக்குள் இறங்காதே. இறங்க வேண்டுமானால் கேட்டுவிட்டு இறங்கு. அவர் நகரும் திசைக்கு முன்னால் போய் நிற்காதே. கரையோரம் நடக்கும்போது உன் நிழல்கூட அவருடைய மீனைக் கலைக்கக் கூடாது. அந்த ஒழுங்கின் ஒரு பகுதியாகவே அவருடைய சட்டைப் பையில் சிறிய விஸ்கிக் குப்பியும் இருந்தது. முதல் மீனுக்கு ஒரு மிடறு. பக்கத்தில் நிற்பவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் அவருக்கும் ஒரு மிடறு நீட்ட வேண்டும்.

இது பழைய பழக்கம். ஐசக் வோல்ட்டனின் தூண்டில் நூல் 1653இல் வெளிவந்தது. அதில் வரும் மீன்பிடிகாரர்கள் பகலெல்லாம் ஆற்றங்கரையில் நின்றுவிட்டு மாலையில் விடுதிக்குப் போய் ஏல் குடித்துப் பாடுகிறார்கள். அவர்களுடைய வாரிசுகள் அந்த விளையாட்டை இலங்கைக்கும் கொண்டுவந்தார்கள். நுவரெலியா மலையோடைகளில் டிரவுட் மீனை வளர்த்துவிட்டது பிரித்தானியர்கள்தான். 1896இல் சிலோன் ஃபிஷிங் கிளப் என்ற சங்கத்தையும் தொடங்கினார்கள். தேயிலை துரைமார் பொழுதுபோக்கிற்காக நின்ற ஓடைகள் அவை. அந்த நீரில் இறங்கி யாரும் அன்றாடச் சோறு தேடவில்லை.

ஆனால் இன்றைய கனடாவில் சட்டம் வேறு. ஒன்ராறியோவில் படகில் மது அருந்த வேண்டுமானால் அது நங்கூரமிட்டோ கட்டியோ நிற்க வேண்டும். நிரந்தரமான படுக்கையும் சமையல் வசதியும் கழிப்பறையும் அதில் இருக்க வேண்டும். சிறு படகில் பியர் திறந்தால் தண்டம். அந்தச் சட்டத்துக்கு அங்கே முணுமுணுக்காமல் தலைகுனிகிற நாம், ஊருக்கு வந்ததும் தளர்ந்துவிடுகிறோம். இங்கே வாவியோரம் எவரும் அபராதப் புத்தகத்தோடு நிற்பதில்லை என்று நமக்குத் தெரியும்.

இன்னொன்றும் என் எரிச்சலுக்குள் இருந்தது. கரையோர மக்கள் குடிகாரர்கள் என்று சொல்லக் கேட்டே வளர்ந்தவன் நான். யாழ்ப்பாணத்து வீடுகளில் அது சர்வசாதாரணமான பேச்சு. அது சாதிப் பேச்சு. அப்படி வளர்ந்த காதுக்கு, ஒரு மீனவர் இன்னொருவனின் போத்தலை இறக்கிவைப்பது எதிர்பாராத செய்தி.

மச்சான் கடைசியில் இறங்கிவந்தார். போத்தல் தாழம்புதருக்குள் போயிற்று, செருப்புகளும் அதனருகே. தோணிக்குள் செருப்புக்கும் அனுமதியில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அவர் ஏறி உட்கார, தோணிக்காரர் கம்பை ஊன்றினார்.

வாவியின் ஒழுங்கை அவர் சட்டமாக ஒப்பிக்கவில்லை. போகப் போக, தேவைப்பட்ட இடத்தில் ஒரு சொல்லாக வந்தது. எதிரே வந்த தோணியைப் பார்த்து நான் "எங்க போறீங்க?" என்று கேட்க வாயெடுத்தேன். "கேக்காத" என்றார். தொழிலுக்குப் போகிறவரை அப்படிக் கேட்பதில்லை. கைவிளக்கை அடித்தபோது, "அங்கால ஒருத்தர் நிக்கிறார், மீன் கிறுகிப் போயிரும்" என்றார். அங்கே ஆள் நிற்பது எனக்குத் தெரியவே இல்லை. இடுப்பளவு தண்ணீரில், வீச்சு வலையைத் தோளில் போட்டபடி, ஒருவர் அசையாமல் நின்றிருந்தார். கட்டுவலைகளின் மிதவைகளைச் சுற்றி நாங்கள் அகன்று போனோம். கிராண்ட் ஆற்றில் எனக்குச் சொல்லப்பட்ட அதே விதிகள். அங்கே மீறினால் இன்னொருவரின் ஓய்வுநாள் கெடும். இங்கே அடுத்த நாள் சந்தைக்குப் போகும் கூடை காலியாகும்.

போத்தலைப் பற்றி நான் கேட்காமலே அவர் சொன்னார். தோணி ஒடுங்கியது. வலை வீச அதில் எழுந்து நிற்க வேண்டும். வெறியில் ஒருவர் எழும்பினால் மூவரும் தண்ணீருக்குள். "நீந்தத் தெரியும் எண்டுவாங்க. வெறியில நீச்சலும் மறந்துபோகும். உள்வாவியில முதலையும் கிடக்கு." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அதெல்லாம் ரெண்டாவது" என்றார். முதலாவது என்ன என்று அப்போது சொல்லவில்லை.

கல்லடிப் பாலம் தெரிந்தது. 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும், 2013இல் திறந்த புதிய பாலமும் அருகருகே. மீன் பாடுவதைக் கேட்க மட்டக்களப்பார் இந்தப் பக்கம்தான் வருவார்கள். முழுநிலவு இரவில், காற்று அடங்கியிருக்கும்போது, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்க வேண்டும். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848 செப்டம்பரில் இங்கே வந்தார். மீனவர்கள் அவரை நிலவொளியில் கோட்டைக்கு அருகே படகில் கொண்டுபோனார்கள். பல சன்னமான ஒலிகள் தனித்தனியாக எழுந்தன என்றும், படகுப் பலகையில் காதை வைத்தபோது அவை உரத்தன என்றும் அவர் எழுதினார். ஈரவிரலால் வைன் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஓசைக்கு அதை ஒப்பிட்டார். மீனல்ல, ஊரி என்ற சிறு சங்குதான் பாடுகிறது என்று மீனவர்கள் அவருக்குச் சொன்னார்கள். எங்கள் தோணிக்காரரும் அதையேதான் சொன்னார்.

முழுநிலவு நாள் இலங்கையில் போயா விடுமுறை. நாடு முழுவதும் மதுக்கடைகள் பூட்டியிருக்கும். வாவிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று கடதாசியில் தோன்றும். ஆனால் மச்சானின் போத்தல் முந்திய நாளே வாங்கியது. அவர் மட்டுமா? கரையில் ஒரு கூட்டம் பாட்டுப்பெட்டியை அலறவிட்டு, வரிசையாகத் தூண்டில்களை ஊன்றிவைத்துவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. தூண்டில் மணி கிலுங்கியதையும் எவரும் கவனிக்கவில்லை. துடுப்பில் காதை வைத்த எனக்குக் கேட்டது அவர்களுடைய சினிமாப் பாட்டின் அதிர்வு மட்டும்தான். மச்சானின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். "சனியனுகள்" என்றார், மெதுவாக.

அப்போது கரையிலிருந்து ஒரு போத்தல் பறந்து வந்தது. எங்களை நோக்கி எறிந்ததல்ல. முடிந்துபோனதை வாவிக்குள் எறிவது பழக்கம், அவ்வளவுதான். தோணிக்குக் கொஞ்சம் தள்ளி விழுந்து, வாயில் தண்ணீர் நிறைந்து தாழ்ந்தது.

தோணிக்காரர் சாரத்தை மடித்துக் கட்டினார். கம்பைச் சேற்றில் ஊன்றித் தோணியைக் கட்டிவிட்டு, தண்ணீருக்குள் இறங்கினார். மார்பளவு. பாதத்தால் சேற்றைத் தடவித் தடவி நடந்தார். நிலவில் அவருடைய தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. நாங்கள் பேசவில்லை. கணிசமான நேரம் சென்றது. பிறகு ஒருமுறை மூழ்கி எழுந்தார். கையில் போத்தல் இருந்தது.

திரும்ப ஏறி, தோணியைக் கரைக்கு விட்டார். பொடியன்கள் பாட்டைக் குறைத்தார்கள். அடி விழும் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவர் போத்தலை அவர்களுடைய தூண்டில்களுக்குப் பக்கத்தில் மணலில் நிமிர்த்தி வைத்தார்.

"இது உங்கட, மக்கள். வெள்ளென இறால் வலையோட ஆக்கள் இந்த இடத்தாலதான் நடக்கிற."

ஒருவன் எழுந்து நின்றான். "மன்னிக்கணும் அண்ணன், தெரியாது" என்றான். அவன் குரலில் வெறி இருந்தது, மரியாதையும் இருந்தது. எங்கள் தோணி தள்ளிப் போகும்வரை பாட்டு திரும்ப ஏறவில்லை.

அவர் சொல்லாமல் விட்ட முதலாவது காரணம் அதுதான். வாவியில் பெரும்பகுதி ஆழமற்றது. அத்தாங்கு பிடிப்பவர்களும் வீச்சு வலைக்காரர்களும் அதில் தோணியே இல்லாமல் வெறுங்காலோடு நடந்துதான் தொழில் செய்கிறார்கள். சேற்றில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, பாதம்தான் பார்க்கிறது. உடைந்த கண்ணாடி ஒன்று போதும், ஒரு குடும்பத்தின் வாரக்கணக்கான வருமானம் போய்விடும்.

அன்றிரவு நான் வீசிய தூண்டிலில் ஒரு சிறிய கொடுவா பட்டது. தோணிக்காரர் என் நூல் காற்றில் வளைந்து போவதைக் கூர்ந்து பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு. ஆனா சோறு வராது" என்றார். "சின்னன், விடு." விட்டேன். அவருடைய வலையில் மணலையும் ஓராவும் இருந்தன; வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துவைத்துவிட்டு மீதியைக் கரையில் காத்திருந்த வியாபாரியிடம் கொடுத்தார்.

சாப்பாடு அவருடைய வீட்டில். அவர் மனைவி தேங்காய்ப்பால் விட்டு ஓரா ஆணம் வைத்திருந்தார். புளியும் பச்சைமிளகாயும் தூக்கலாக. யாழ்ப்பாணத்துக் குழம்பின் தூள் காரத்துக்குப் பழகிய என் நாக்கு முதலில் தயங்கி, பிறகு கோப்பையை வழித்தது. கடைசியில் சட்டித் தயிர். தாழம்புதரிலிருந்து மீட்டுவந்த போத்தலை மச்சான் தயங்கித் தயங்கி வெளியே எடுத்தார். தோணிக்காரர் இம்முறை மறுக்கவில்லை. ஒரு கிளாசில் ஊற்றி, நின்றபடியே குடித்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார். மீண்டும் கேட்கவில்லை.

அவர் மனைவிதான் பேசினார். தன் காலைத் திருப்பி, குதிக்கு மேலே இருந்த வெள்ளைத் தழும்பைக் காட்டினார். வாவியில் வெட்டியது. "இவர் தண்ணிக்குள்ள குடிக்கிறல்ல எண்டு பெருமையாச் சொல்லுவார். கரையில குடிச்சாலும் காசு காசுதானே தம்பி" என்றார். கசிப்பு எத்தனை வீட்டைக் கெடுத்திருக்கிறது என்று அக்கம்பக்கத்துக் கதைகளைச் சொன்னார். 2017இல் கல்குடாப் பக்கம் மதுசாரத் தொழிற்சாலை எழும்பியபோது இந்த மாவட்டத்தில் அத்தனை எதிர்ப்புக் கிளம்பியது ஏன் என்று அந்தத் திண்ணையில் எனக்குப் புரிந்தது. தோணிக்காரர் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார். எதிர்த்துப் பேசவில்லை.

மச்சான் போத்தலை மூடிப் பைக்குள் வைத்தார்.

குடிப்பது நல்லதா கெட்டதா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல அந்த அம்மாவுக்குத்தான் உரிமை அதிகம். ஆனால் தூண்டிலோடு போகிறவனின் மரியாதை பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஓய்வுக்காக நாம் போகும் நீர் இன்னொருவரின் தொழிலிடம். தொழில் செய்பவர் குடிக்காமல் நிற்கும் இடத்தில், விருந்தாளி குடித்துவிட்டு நிற்பது மரியாதைக்கேடு.

கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு மட்டக்களப்புக்கு வருகிறவர்களிடம் கேட்பது இதுதான். தூண்டில் கொண்டுபோங்கள். வலை எங்கே கட்டியிருக்கிறது என்று தோணிக்காரரைக் கேளுங்கள். பாட்டை நிறுத்துங்கள், விளக்கைத் தாழ்த்துங்கள். குடிப்பதென்றால் தோணி கரையேறிய பிறகு குடியுங்கள். போத்தலைத் திரும்ப எடுத்துவாருங்கள். விடிவதற்கு முன்பே அந்த இடத்தில் ஆட்கள் வெறுங்காலோடு இறங்கிவிடுவார்கள்.