கேமராப் பையின் பாரம்



கேமராப் பை விற்கும் கடையில், எத்தனை லென்ஸ் கொள்ளும் என்பதையே முதலில் சொல்கிறார்கள். ஐம்பதைக் கடந்தவர் கேட்கவேண்டியதோ இடுப்புப் பட்டையைப் பற்றி. அதை இறுக்கிக் கட்டினால் பாரத்தின் பெரும்பகுதி தோளைவிட்டு இடுப்புக்கு இறங்கும்.

மும்பையிலிருந்து சபையார் சிலருடன் தரங்கம்பாடிக்குப் புறப்பட்டேன், சென்னைவரை விமானம். உடன் கொண்டுசெல்லும் பைக்கு 7 கிலோ வரம்பு. என் பை வெறுமையாகவே 2 கிலோ! உதிரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் அனுப்பலாகாது; அவையும் கையோடுதான். ஆகவே ஒரு சிறு லென்ஸ் மட்டும் போதுமென்று நீள லென்ஸையும் ட்ரைபாடையும் வீட்டிலேயே விட்டேன். மனம் சற்று வலித்தது, மறைப்பானேன்?

1620இல் டேனியர் கட்டிய கோட்டையின் படிகளில், முழங்கால் நோவுள்ள மூதாட்டி ஒருவர் கை நீட்டினார். என் இரு கைகளும் காலியாக இருந்தன. மேலே, கடலைப் பார்த்து நின்ற அவரை அந்தச் சிறு லென்ஸில்தான் படமெடுத்தேன்.