எந்த ட்ரெய்லருக்கு எந்த லாரி? பெருங்களத்தூர் சாலை சொல்லும் கணக்கு

சென்னையில் 'கேரவன்' என்றால் எல்லோருக்கும் சினிமா ஷூட்டிங்தான் நினைவுக்கு வரும். ஹீரோ உள்ளே உட்கார்ந்திருப்பார், வெளியே ஜெனரேட்டர் ஓடும். அமெரிக்காவில் கதை வேறு. ரிட்டயர் ஆன கணவனும் மனைவியும் படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ள ஒரு ட்ரெய்லர் வீட்டை வாங்கி, தங்கள் பிக்-அப் வண்டியில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள். அந்த வகை வீட்டுக்குப் பெயர் 'ஃபிஃப்த் வீல்'. எந்த வீடு, அதை இழுக்க எந்த வண்டி என்று மாதக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள் அங்கே ஏராளம்.

தாம்பரம் பக்கம் அப்படிப்பட்ட வீடு எதுவும் கண்ணில் படாது. ஆனால் ஃபிஃப்த் வீல்? பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலை ஓரமாகப் பத்து நிமிடம் நின்றால் போதும். இரவு பத்து மணிக்கு மேல் என்றால் எண்ணி முடியாது.

பெரிய ட்ரெய்லர் லாரி ஒன்று, பின்பாரம் இல்லாமல் தலை மட்டும் தனியாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் முதுகில் கிரீஸ் பூசிய, குதிரை லாடம் போல ஒரு பக்கம் பிளந்த இரும்புத் தட்டு இருக்கும். அதுதான் ஃபிஃப்த் வீல். ட்ரெய்லரின் முன்பக்க அடியில் தொங்கும் 'கிங் பின்' அந்தப் பிளவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காக வண்டிக்கு அடியில் படுக்கவைத்திருந்த வளையத்துக்கு வந்த 'ஐந்தாவது சக்கரம்' என்ற பெயர், குதிரை போன பிறகும் ஒட்டிக்கொண்டது.

லாரியும் ட்ரெய்லரும் சேர்ந்த கதை உல்லாசத்தில்தான் தொடங்கியது என்பது ஒரு வேடிக்கை. 1914-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மர வியாபாரி ஒருவர் தன் படகை ஏரிக்கு எடுத்துப் போக ஆசைப்பட்டார். ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், ஃபோர்டு மாடல்-டி காரின் பின்னால் மாட்ட ஒரு வண்டி செய்து கொடுத்தார். அது நன்றாக ஓடவே, மரம் ஏற்றவும் அதே மாதிரி ஒன்று கேட்டார் வியாபாரி. அப்புறம் அது பெரிய தொழிலானது.

தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள இந்தப் பத்து கிலோமீட்டரில் அந்தத் தொழிலின் எல்லா வகையும் ஓடுகிறது. பெருங்களத்தூரில் மதுரவாயல் பைபாஸ் பிரிகிறது. வண்டலூரில் மீஞ்சூர் வரை போகும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை தொடங்குகிறது. எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்கு அதுதான் வழி. வண்டலூர்-வாலாஜாபாத் சாலையைப் பிடித்தால் ஒரகடம். அங்கே கார் தொழிற்சாலை, புல்லட் தொழிற்சாலை. ட்ரெய்லர் இழுக்கும் லாரிகளையே தயாரிக்கும் பாரத்பென்ஸ் ஆலையும் 2012 முதல் அங்கேதான் இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வேறு.

இத்தனை லோடும் கண்ணெதிரே ஓடும்போது, பல வருடம் சம்பளத்துக்கு ஓட்டிய டிரைவருக்குச் சொந்தமாக ஒரு வண்டி போடலாமே என்ற எண்ணம் வருவது இயல்பு. நகை அடகுக்குப் போகும். வீட்டுப் பத்திரமும் போகலாம். அப்போது அமெரிக்கத் தம்பதியின் அதே கேள்விதான் இங்கேயும் எழும்: எந்த ட்ரெய்லர், எந்த லாரி? அவர்களுக்குத் தப்பினால் சுற்றுலா கெடும். இங்கே தப்பினால் குடும்பமே தவணையில் மாட்டிக்கொள்ளும்.

பலரும் முதலில் பார்ப்பது லாரியை. கேபின் எப்படி, ஏ.சி. உண்டா, எத்தனை குதிரைத்திறன்! ஆனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுவதுதான் சரி. முதலில் லோடு, பிறகு அதற்கேற்ற ட்ரெய்லர், கடைசியில்தான் லாரி.

கார் ஏற்றும் கூண்டு ட்ரெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க மலை மாதிரி இருக்கும். உள்ளே எட்டு சின்ன கார் என்றால், மொத்தம் எட்டு ஒன்பது டன்தான். பாதிக்கு மேல் காற்றைத்தான் சுமக்கிறது. அதற்கு ராட்சச இன்ஜின் தேவையில்லை. நீளமும் உயரமும்தான் பிரச்னை. மாறாக, இருபது அடி கண்டெய்னர் சின்னதாகத் தெரியும். அதற்குள் கிரானைட்டோ இரும்போ இருந்தால் ரோடே முனகும். ஆயத்த ஆடை ஏற்றிய நாற்பது அடிப் பெட்டி அதைவிட லேசாக இருக்கும்.

சரி, நாற்பது அடி கண்டெய்னர்தான் தொழில் என்று வைத்துக்கொள்வோம். சரக்கோடு சேர்த்து அந்தப் பெட்டி அதிகபட்சம் 30.48 டன் இருக்கலாம். ட்ரெய்லரும் லாரியும் தோராயமாக 12, 13 டன். ஆக 43 டன் சொச்சம். 2018 ஜூலையில் மத்திய அரசு உயர்த்திய அச்சு எடை வரம்புப்படி, இரண்டு அச்சு லாரியும் மூன்று அச்சு ட்ரெய்லரும் சேர்ந்து 45.5 டன் போகலாம்: முன் அச்சுக்கு 7, பின் அச்சுக்கு 11.5, ட்ரெய்லரின் மூன்று அச்சுக்கும் சேர்த்து 27. அதாவது, இரண்டு அச்சு லாரியே போதும்!

மூன்று அச்சு லாரி வாங்கினால் வரம்பு 55 டன் ஆகும். கம்பீரம்தான். ஆனால் டயர் 18-லிருந்து 22 ஆகும். லோடு கிடைக்காத நாளிலும் அந்த நான்கு டயர் கூடவே உருண்டு தேயும். டோலில் மட்டும் வித்தியாசமில்லை. பரனூரில் ஐந்து அச்சும் ஆறு அச்சும் ஒரே வகைக் கட்டணம்தான். ஸ்டீல் காயில் போன்ற நிஜமான கனச் சரக்குக்கு வாடிக்கையாளர் கையில் இருந்தால் தவிர, கண்டெய்னர் ஓட்டுபவருக்கு இரண்டு அச்சு லாரியே லாபம்.

மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. பெட்டிக்குள் சரக்கு முன்பக்கமாகக் குவிந்திருந்தால், பாரம் ஃபிஃப்த் வீல் வழியாக லாரியின் பின் அச்சில் இறங்கும். எடை மேடையில் மொத்தம் 43 டன் என்று வரும். அந்த ஓர் அச்சு மட்டும் 11.5-ஐத் தாண்டியிருக்கும். எவ்வளவு இழுக்கும் என்று விசாரிக்கிற அளவுக்கு, முதுகில் எவ்வளவு தாங்கும் என்று யாரும் விசாரிப்பதில்லை. அதிக பாரத்துக்கு 2019 சட்டத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு ஓர் எளிய குறிப்பு, லாரியின் முகத்திலேயே எழுதியிருக்கிறது. 4018 என்றால் 40 டன், 180 குதிரைத்திறன். 5530 என்றால் 55 டன், 300 குதிரைத்திறன். பெரும்பாலான கம்பெனிகளின் பெயர்க்கணக்கு இதுதான். 40 என்று தொடங்கினால் பழைய வரம்புக் காலத்து வண்டியாக இருக்கக்கூடும். விற்பவர் வாயால் சொல்லும் எடையை நம்பாமல் ஆர்.சி.யில் உள்ள எடையைப் பார்க்க வேண்டும். ட்ரெய்லருக்கும் தனிப் பதிவு எண் உண்டு என்பதால் காகிதமும் இரண்டு செட். லாரியின் காகிதத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

அடுத்தது நீளம். இது வாங்குபவர் கவலை மட்டுமல்ல. ஸ்கூட்டியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு போகும் ஒவ்வொருவர் கவலையும்தான். ஒரகடத்திலிருந்து வந்து வண்டலூரில் தாம்பரம் பக்கம் இடது திரும்பும் ட்ரெய்லரைக் கவனியுங்கள். டிரைவர் முதலில் வலது பக்கம் ஒதுங்குவார். நேராகப் போகிறார் போல என்று நினைத்து, இடது பக்கம் கிடைத்த இடைவெளியில் டூ-வீலர்கள் நுழையும். அவர் ஒதுங்கியதே திரும்புவதற்குத்தான். முன்னால் லாரி அகலமாக வளையும். பின்னால் வரும் சக்கரங்கள் அதே தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ட்ரெய்லர் எவ்வளவு நீளமோ அவ்வளவு அதிகமாக வெட்டும். அந்தப் பக்கத்துக் கண்ணாடியில், மடங்கிய நிலையில், டிரைவருக்குத் தெரிவது ட்ரெய்லரின் பக்கவாட்டுதான், டூ-வீலர் தெரியாது. இண்டிகேட்டர் இடதில் மின்னினால், எவ்வளவு இடம் இருந்தாலும் பின்னாலேயே நின்றுவிடுங்கள்.

முடிச்சூர் சாலை மாதிரி உள்சாலைகளில் குடோன் பிடித்திருப்பவர்களுக்கு நாற்பது அடி ட்ரெய்லர் உள்ளே திரும்புமா என்பதே பெரிய கேள்வி. திரும்பாது என்றால் இருபது அடிதான் கதி. வண்டி வாங்கும் முன் ஒருநாள் பைக்கில் போய் அந்த வளைவுகளைப் பார்த்துவிட்டு வந்தால் செலவு பெட்ரோலோடு முடியும்.

மாட்டுகிற வேலை என்னவோ ஐந்தாறு நிமிடம்தான். லாரி ரிவர்ஸில் மெதுவாக வந்து 'டங்' என்று இடிக்கும். பூட்டு விழுந்ததா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிறகு சுருள் சுருளான காற்றுக் குழாய்களையும் மின் ஒயரையும் மாட்டி, ட்ரெய்லரின் முன்கால்களைக் கைப்பிடியால் சுற்றித் தூக்க வேண்டும். பழகிய டிரைவர்கள் கால்களை முழுதாகத் தூக்கும் முன் ஒரு வேலை செய்வார்கள். ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடியே, லாரியை முதல் கியரில் லேசாக முன்னால் இழுத்துப் பார்ப்பார்கள். பூட்டு சரியாக விழுந்திருந்தால் லாரி நகராது.