அவர் பேர்லயே எழுதிக்கோ

ஜூலை 18

ஜெனெட்டிக் கவுன்சலிங் படிப்பில் இன்று பெடிக்ரீ, அதாவது குடும்ப மரம், வரையும் வகுப்பு. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்கு உள்ளே கறுப்பு. சொந்தத்தில் கல்யாணம் என்றால் இருவருக்கும் நடுவே இரட்டைக் கோடு. அவரவர் குடும்பத்தை வரையச் சொன்னதும் பாதி நோட்டுகளில் இரட்டைக் கோடு விழுந்துவிட்டது. என்னுடையதில் இரண்டு இடங்களில். அம்மாவிடம் போனில் சொன்னேன், “அதுக்கென்ன இப்போ?” என்றார்.

ஆகஸ்ட் 6

துறையின் வரலாறு. ‘ஜெனெட்டிக் கவுன்சலிங்’ என்ற பெயரை 1947இல் வைத்தவர் மினசோட்டாவின் ஷெல்டன் ரீட். அவர் வேலை பார்த்த டைட் நிறுவனமோ, மனிதர்களிலும் ‘நல்ல வித்துகளை’ மட்டும் பெருக்க வேண்டும் என்று நம்பிய ஒரு டாக்டர் விட்டுப்போன சொத்தில் தொடங்கியது! முதல் முதுகலைப் படிப்பு 1969இல் சாரா லாரன்ஸ் கல்லூரியில் வந்தது. ‘இதைச் செய், அதைச் செய்யாதே’ என்று குடும்பத்துக்கு உத்தரவு போடக்கூடாது என்பது இந்தத் துறையில் ஏன் இவ்வளவு கறாரான விதி என்று இன்றுதான் புரிந்தது.

செப்டம்பர் 23

ஓ.பி.யில், எங்களுக்குப் பாடம் நடத்தும் மேடத்தின் பக்கத்து நாற்காலி. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) முதல் குழந்தையை ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபியில் பறிகொடுத்த தம்பதி. அந்தப் பெண் கட்டியிருப்பது சொந்தத் தாய்மாமனை. கூட வந்த மாமியார்தான் அவளுக்கு அம்மாச்சியும். மஞ்சப்பையிலிருந்து ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்பை நீவி நீவி மேஜையில் வைத்தார்.

மாமனும் அக்காள் மகளும் வெவ்வேறு தலைமுறை என்பதால் இரட்டைக் கோட்டைச் சாய்த்துப் போட்டேன். பெற்றோர் இருவருமே கேரியர் (நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்) என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கு நாலில் ஒரு வாய்ப்பு என்று மேடம் விளக்கினார்.

“ஒண்ணுதான் போயிடுச்சே மேடம். அடுத்த மூணும் நல்லா இருக்கும்ல?” என்றார் கணவர்.

மேடம் இரண்டு நாணயங்களைக் கொடுத்துச் சேர்த்துச் சுண்டச் சொன்னார். இரண்டிலும் பூ விழுந்தால் நோய். அடுத்தடுத்து இரண்டு முறை அப்படியே விழுந்தது. அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

அம்மாச்சிதான் கேட்டார். “யாரு பக்கத்துலேர்ந்து வந்துச்சும்மா?”

மேடம் என்னைப் பார்த்தார். ‘இரண்டு பக்கமும்’ என்பது வகுப்பில் படித்த பதில். இங்கே இரண்டு பக்கமும் போய்ச் சேர்வது அவரிடம்தானே!

“உங்ககிட்டேர்ந்தும் வந்திருக்கலாம், தாத்தாகிட்டேர்ந்தும் வந்திருக்கலாம் பாட்டி. சுமக்கிறவங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. யாரும் தெரிஞ்சு குடுக்கறது இல்ல.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அவருதான் போய்ச் சேர்ந்துட்டாரே. அவர் பேர்லயே எழுதிக்கோம்மா.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

அக்டோபர் 14

போன மாதம் அம்மாச்சியோடு வந்த கணவன், மனைவி இருவரும் கேரியர் என்று ரிசல்ட் வந்துவிட்டது. அடுத்த கர்ப்பத்தில் பதினோராவது வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம், பதினாறு வாரத்தில் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம், பரிசோதனையே வேண்டாம் என்றும் இருக்கலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீங்க சொல்லுங்க மேடம், அதையே செய்றோம்” என்றார்கள்.

உத்தரவு போடாத ஆலோசனை அமெரிக்காவுக்குத்தான் சரிப்படும், நம் ஊரில் வாயை மூடிக்கொண்டால் ‘எதையோ மறைக்கிறார்கள்’ என்றுதான் நினைப்பார்கள் என்று சீனியர் ஒருத்தி அடிக்கடி சொல்வாள். எனக்கு அது உடன்பாடில்லை. டாக்டர் வாயிலிருந்து வருவது இங்கே வேதவாக்கு. அதனாலேயே இந்த விதி இங்கே கூடுதலாகத் தேவை. மேடம் வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. “எதை நெனைச்சா உங்களுக்கு ரொம்பப் பயமா இருக்கு?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவள் பேச ஆரம்பித்தாள். மாமனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நவம்பர் 20

இன்று வந்த குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்திருக்கின்றன. என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. ரிப்போர்ட்டுகளைப் பார்க்கப் பார்க்க மனசு தாங்காமல் எரித்துவிட்டார்களாம். எந்த மரபணுவில் தேடுவது என்று தெரியாமல் அடுத்த கர்ப்பத்துக்கு உறுதியான பரிசோதனை சொல்ல முடியாது.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் அப்படி ஏதாவது காகிதம் இருந்தால், உங்கள் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். எரித்துவிடாதீர்கள். ஆலோசனைக்கு வரும்போது அதையும் எடுத்துக்கொண்டு, சொந்தபந்தம் தெரிந்த ஒரு பாட்டியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.