அலை ஏறும் நேரம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில்தான் கிரேன் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். அங்கே தரை அசையாது. ஸ்லிங்கை மாட்டி, மெல்ல இழுத்து, கயிறு விறைத்ததும் நிறுத்திப் பார்ப்போம். சரக்கு நமக்காகக் காத்துக்கொண்டிருக்கும். மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டரில், பாம்பே ஹை எண்ணெய் வயலின் மேடையில் முதன்முதலாகக் கிரேன் கேபினில் உட்கார்ந்தபோது, அந்தப் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டியிருந்தது.

கீழே சப்ளை போட் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மெல்ல இழுத்தால் பாதி தூக்கிய கன்டெய்னரை அடுத்த அலையில் டெக் வந்து முட்டும். இல்லையென்றால் போட் இறங்கும்போது கயிறு வெடுக்கென்று இழுபடும். கொக்கி மாட்டியபின் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, போட் அலையின் உச்சிக்கு வரும் அந்தக் கணத்தில் முழு வேகத்தில் தூக்க வேண்டும். போட் தானாகக் கீழே இறங்கிவிடும், சரக்கு மேலே நிற்கும். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். பெரிய கூட்டம் கடந்தபின் சற்று ஓயும். அந்த ஓய்வைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மழைக்காலம் பிடித்தது.

வானிலை அறிக்கை 2 மீட்டர் அலை என்று சொன்னால், அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரிதான். தனி அலை ஒன்று கிட்டத்தட்ட அதன் இரு மடங்குகூட வரலாம். எனக்கு அந்த ஒற்றை அலைதான் கணக்கு.

2005 ஜூலை 27-ஐ எங்கள் தொழிலில் யாரும் மறப்பதில்லை. விரலில் வெட்டுப்பட்ட ஒரு சமையல்காரரைக் ‘சமுத்ர சுரக்ஷா’ என்ற கப்பலிலிருந்து இதே பாம்பே ஹையின் ஒரு மேடைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. மழைக்கால வானிலையில் ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை. மேடையின் காற்று மறைவுப் பக்கத்துக் கிரேன் வேலை செய்யாததால், கப்பல் காற்றடிக்கும் பக்கமாக நெருங்கியது. அலை தள்ளிக் கப்பல் ரைசர் குழாயில் மோத, வாயு கசிந்து தீப்பிடித்தது. மேடையே கடலில் சரிந்தது. 22 பேர் போனார்கள். அப்போது நான் அம்பத்தூரில்தான் இருந்தேன், செய்தித்தாளில் படித்ததோடு சரி. இன்று என் கிரேனில் கிரீஸ் வைக்கும்போதெல்லாம் அந்த ஓடாத கிரேன் நினைவுக்கு வருகிறது. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மறைவில் ஒரு கிரேன் ஓடியாக வேண்டும்.

பதினாலு நாள் வேலை, பதினாலு நாள் வீடு. ஆடியில் லீவுக்கு வந்தால் மொட்டைமாடிக் கொடியில் துணி கிழக்கே பார்த்துப் படபடக்கும். அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான். என் இடத்தில் இருக்கும் தூத்துக்குடித் தம்பிக்குப் போன் போடுவேன்.

“போட் வந்துச்சா?”

“காலையிலேயே வந்துட்டுண்ணே. நிக்கி. இன்னும் தூக்கல.”