கலவைக்கு ஒரு கலவை வண்டி!

கலவை என்றதும், "சிமெண்ட்டா சார், ஜல்லியா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஊர் சார், ஊர்! ஆற்காட்டிலிருந்து திமிரி வழியாகப் போனால் வரும். 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்த ராணிப்பேட்டை மாவட்டம். 1907-ல் காஞ்சி மடத்தின் 68-வது பீடாதிபதியாகப் பொறுப்பேற்ற சிறுவன், திண்டிவனத்திலிருந்து காஞ்சிபுரம் வரை ரயிலிலும், அப்புறம் மடத்து வண்டியிலுமாக வந்து சேர்ந்தது இங்கேதான். அந்தக் காலத்து ஹைபிரிட் பயணம்!

இந்தக் காலத்து ஹைபிரிட்டுக்கு வருவோம். கலவை என் மாமனார் ஊர். சென்னையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். மாதம் ஒரு நடை, மனைவி, இரண்டு வாண்டுகள், திரும்பும்போது அரிசி மூட்டை, ஆற்காடு மக்கன் பேடா சகிதம். ஆபீஸில் கார் லீஸ் திட்டம் வந்ததும் ஆசை தலைதூக்கியது. வண்டியைக் கம்பெனி எடுத்துத் தரும். வாடகையைச் சம்பளத்தில் பிடிப்பார்கள். தவணைக் காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நான் ஆசைப்பட்டது பிளக்-இன் ஹைபிரிட் எஸ்யூவி. பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின்சார மோட்டாரும் உண்டு. ராத்திரி வீட்டில் பிளக்கைச் சொருகினால், காலையில் அறுபது கிலோமீட்டர் போல பெட்ரோல் வாசனையே இல்லாமல் ஓடும். அப்புறம் பெட்ரோல். ஆபீஸுக்குப் போய்வர மின்சாரம், மாமனார் வீட்டுக்குப் பெட்ரோல். பிரமாதம் இல்லையா?

கணக்குப் போட்டால்தான் தெரிகிறது. கலவைக்குக் கிளம்பினால் காஞ்சிபுரம் தாண்டுவதற்குள் பேட்டரி கையை விரித்துவிடும். மிச்ச தூரமெல்லாம், நூறு கிலோவுக்கு மேல் கனக்கிற பேட்டரியையும் சுமந்துகொண்டு பெட்ரோலில்தான் ஓட வேண்டும். தினமும் சார்ஜ் ஏற்றுகிறவனுக்குத்தான் இது லாபம். ஏற்றாதவனுக்குக் கனமான பெட்ரோல் கார், அவ்வளவுதான்.

மற்ற நாடுகளிலும் இதே கதை. பிரிட்டனில் கம்பெனிக் கார்களாக லீசுக்குப் போன பல பிளக்-இன் வண்டிகள் திரும்பி வந்தபோது, சார்ஜ் கேபிள் பிரிக்காத கவரோடு டிக்கியில் கிடந்ததாக 2018-ல் செய்தி வந்தது. பெட்ரோல் செலவு கம்பெனியுடையது என்றால் பிளக்கைத் தொட யாருக்கு மனசு வரும்? சோதனைச் சாலைக் கணக்கைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு கார்பன் புகையை இவை சாலையில் விடுகின்றன என்று 2024-ல் ஐரோப்பியக் கமிஷன் சொன்னது.

மாமனாரிடம் சொன்னேன். ராணிப்பேட்டை டேனரியில் முப்பது வருஷம் இருந்தவர்.

"இன்னா மாப்ளே, இது தெரிஞ்ச கதைதானே! சுத்திகரிப்பு மிஷினைக் கட்டி வச்சா போதுமா? ஓட்டுனாத்தானே தண்ணி சுத்தமாவும்?"

தோல் பட்டைக்காரரின் சொல் சும்மா இல்லை. பாலாறு கெட்ட வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட், டேனரிக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டு, மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன பூமி இது.

"சரி மாமா, இங்க வந்தா மோட்டார் கொட்டாய்ல சொருகிக்கலாமா?"

"இலவச கரண்டு பயிருக்கு மாப்ளே. காருக்கு இல்ல. ஊட்ல மீட்டர்ல சொருகுங்க, பில்லை நீங்க கட்டுங்க!"

விலையும் விஷயம். பிஎம்டபிள்யூ எக்ஸ்எம் பிளக்-இன் எஸ்யூவி 2022-ல் இங்கே வந்தபோது அதன் விலை 2.60 கோடி ரூபாய். அதன் லீஸ் வாடகையைக் கேட்டால் என் சம்பளமே என்னைப் பார்த்துச் சிரிக்கும். இதே மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் 9,000 கோடி ரூபாய்த் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியபோது, ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் அங்கே தயாராகும் என்றார்கள். தயாராவது பக்கத்தில் என்பதற்காக விலை பக்கத்தில் வந்துவிடுமா?

நம் கைக்கு எட்டுகிறவை ஹைகிராஸ், ஹைரைடர், கிராண்ட் விட்டாரா மாதிரி பிளக் இல்லாத ஹைபிரிட்கள். பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் தாமாகவே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். சோம்பேறிக்கு உகந்தவை! ஆனால் வரியைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய ஹைபிரிட்டுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், முழு மின்சார வண்டிக்கு 5. அந்த வரி வாடகையிலும் ஒட்டிக்கொண்டுதான் வரும்.

ஆகவே நண்பர்களே, லீஸ் பேப்பரை நீட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் பார்க்கிங்கில் உங்கள் மீட்டரிலிருந்து 15 ஆம்பியர் பாயிண்ட் உண்டா? தினசரி ஓட்டம் அறுபது கிலோமீட்டருக்குள் அடங்குமா? ராத்திரி பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் பிளக்கைச் சொருகப் போவது யார்?

எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்திடம் பாயிண்ட் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். அது கிடைக்கிற வரைக்கும், கலவைக்கு 'பஸ் பிளஸ் ஷேர் ஆட்டோ' ஹைபிரிட்தான்!