புறப்படும் முன்பே போய்ச் சேர்ந்த விமானம்

பத்து ஆண்டுகளுக்கு முன்பு, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். மலாக்கா பத்து பெரண்டாம் விமான நிலையத்தில் காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் 45 நிமிடம் பறந்தால், சுமத்ராவின் பெக்கான் பாருவை எத்தனை மணிக்கு அடையும்? எல்லாரும் 10.45 என்று எழுதினார்கள். ஒரு சிறுமி மட்டும் 9.45 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெரிதாகப் பிழை போட்டுவிட்டேன்.

மறுநாள் அவள் தயங்கித் தயங்கி மேசையருகே வந்தாள். "சார், எங்க மாமா அங்க செம்பனை ஆலையில ஃபிட்டரா இருக்காரு. இறங்குனதும் கடிகாரத்த ஒரு மணி பின்னால வைக்கணுமாம்" என்றாள்.

எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. பெக்கான் பாருவின் நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. 10.45-இல் ஒரு மணி கழித்தால் 9.45. பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ் பெற்ற எனக்கு, ஃபிட்டரின் மருமகள் பாடம் சொல்ல வேண்டியதாயிற்று!

வீட்டில் நிலப்படத்தை விரித்து அளந்து பார்த்தேன். இரு நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீட்டர். அந்தத் தடத்தில் பறந்த ஏடிஆர் ரக விசிறி விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகம் போகக்கூடியது. வகுத்தால் 26 நிமிடம்தான் வரும். மீதி நேரம் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலேறவும், வேகம் தணித்து இறங்கவும் போய்விடுகிறது. குறுந்தூரப் பயணத்தில் வேகத்தைவிட இந்தச் சில்லறை வேலைகள்தாம் நேரத்தைத் தின்கின்றன. இந்த விமானச் சேவை பல தடவை தொடங்கிப் பல தடவை நின்றதுண்டு. படகில் போவோர் சுமார் இரண்டு மணி நேரத்தில் டுமாய் சேர்ந்து, அங்கிருந்து பேருந்தில் போவார்கள். டுமாய்க்கும் பெக்கான் பாருவுக்கும் இடையே 131 கிலோமீட்டர் விரைவுச்சாலை 2020-இல் திறக்கப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், இரு ஊர்களிலும் சூரியன் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் உதிக்கிறது. மூன்று நிமிட வித்தியாசமே! கடிகாரத்தை மாற்றியது மனிதர்கள்தாம். 1981 டிசம்பர் 31 இரவு 11.30-ஐ நள்ளிரவு 12 ஆக்கி, தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதற்கு முன் வித்தியாசம் அரை மணிதான். அப்போது என் கணக்கின் விடை 10.15 ஆகியிருக்கும். பால்மரம் வெட்டிய என் அப்பா அடிக்கடி சொல்வார்: "கடிகாரம் மாறுச்சு, பெரட்டு நேரம் மாறல. அதுக்கப்புறம் இருட்டுலதான் போய் நின்னோம்."

சிறுமியின் நோட்டில் பிழைக்குறியை அடித்துவிட்டுச் சரி போட்டேன். வகுப்பில் எல்லார் முன்பும் அவளையே கரும்பலகையில் விளக்கச் சொன்னேன். பிறகு, அங்கே 10 மணிக்குப் புறப்பட்டால் இங்கே எப்போது வரலாம் என்று கேட்டேன். அவள் 11.45 என்றாள். பின்வரிசைப் பையன்கள் இருவர் மட்டும் 9.45 என்று உரக்கக் கத்தினார்கள்.